மைல் கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பியவள்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குப் போகிற பெரிய ரோட்டோரத்தில் செல்லையனின் சாயாக்கடை இருந்தது. விடிந்ததும் அங்கே முதலில் நடக்கிற காரியம் சாயா ஆற்றுவது அல்ல. செல்லையன் தன் வலது கை ஆள்காட்டி விரலை நீட்டுவான். அவன் பெண்டாட்டி சுகிர்தபாய் அந்த விரலைக் கைக்குள் வைத்து, முடிந்த மட்டும் இறுக்குவாள்.

“நோவுதா?”

“ஆ, நோவுது பிள்ளே. நல்லா நோவுது.”

“பொய். கோயில்ல பாட்டுக் கேட்டுட்டு இருக்கிய ஆளுக்க மோறயாக்கும் இது. நோவுற மோற இப்பிடி இருக்காது.”

அவர்களுக்கு அதுதான் கணக்கு. விரல் நொந்தால் அன்றைக்கு அவளுக்கு நல்ல நாள். நோகாவிட்டால் கெட்ட நாள். செல்லையன் எல்லா நாளும் நொந்ததாகவே சொல்லுவான். பெண்டாட்டி மேல் அவ்வளவு பிரியம். ஆனால் பொய் சொல்லத் தெரியாத மனுஷன் பிரியப்பட்டு என்ன பிரயோஜனம்?

நோய் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். முதலில் கைவிரல் கணுக்கள் வீங்கின. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கால் இரண்டும். காலையில் கண் விழித்தால் தூங்கின நேரத்தில் யாரோ வந்து உடம்பு முழுக்கச் சிமெண்டு பூசிவிட்டுப் போனது போல இருக்கும். தோசைக்கு மாவாட்டிக்கொண்டிருந்த கையால் சேலை முந்தியைக்கூடச் செருக முடியவில்லை. வைத்தியர் வந்து பார்த்து, வாதம் என்றார். தைலம் தந்தார், கசாயம் தந்தார், மருந்தைத் துணியில் கட்டிக் கிழி வைத்து ஒற்றினார். புளி கூடாது, மீன் கூடாது, குளிக்கக் கூடாது, காற்றுப் படக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அசையக் கூடாது.

செல்லையனுக்கு அந்தக் கடைசிச் சொல் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒன்பது மாதம் அவளைக் கட்டிலை விட்டு இறக்கவில்லை. கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தான். அவள் கையை நீட்டினால், “அனக்காதே, அனக்காதே” என்று ஓடி வந்து பிடித்து மடியில் வைத்துவிடுவான். முட்டையை அடைகாக்கிற கோழிகூட நடுவில் எழுந்து தீனி தின்னப் போகும். இவன் அதுவும் போகவில்லை.

ஒன்பது மாத முடிவில் சுகிர்தபாயின் கால் இரண்டும் மரச்சீனிக் கம்பு போல மெலிந்துவிட்டன. வெளிக்குப் போவதென்றால் இரண்டு பேர் தூக்க வேண்டும். ஒரு பக்கம் செல்லையன், மறு பக்கம் அவனுடைய அக்காள் லீலாபாய். லீலாபாய் நல்லவள்தான், முகம் சுளிக்காமல் தூக்குவாள். ஆனால் செய்ததை வாய்க்குள் வைத்திருக்க மாட்டாள். தம்பி பெண்டாட்டிக்கு அந்த வாரம் எத்தனை தடவை போனது, எப்படிப் போனது என்பது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் சபை முழுக்கத் தெரிந்திருக்கும். ஒரு ஞாயிறு, உபதேசியார் வீட்டிலிருந்தே வயிற்றுப்போக்குக்கு மருந்து வந்தது. அன்றைக்குச் சுகிர்தபாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒரு சத்தியம் செய்தாள்: இனி ஒரு ஆள் என்னைத் தூக்குகிறது என்றால் அது பெட்டியில் வைத்துத்தான்.

மறுவாரமே அடம்பிடித்து வில்வண்டியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா அவளுடைய மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

“இது போகிற நோய் இல்லை, சுகிர்தபாய். வரும், அடங்கும், திரும்ப வரும். உங்கள் உடம்பே உங்கள் மூட்டை வேறு யாருடையதோ என்று நினைத்து அடிக்கிறதோ என்றுகூடச் சில பெரிய டாக்டர்கள் இப்போது யோசிக்கிறார்கள்.”

“அப்பம் எனக்க உடம்புக்க உள்ளேயும் எல்லைத் தகராறாக்கும், இல்லியா டாக்டரம்மா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். வெள்ளை மாத்திரை எழுதித் தந்தார். வீங்கிச் சுடுகிற நாளில் ஓய்வாக இருக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் வெந்நீரில் கையை முக்கி மடக்கி நீட்ட வேண்டும், கணுக்காலைச் சுற்ற வேண்டும், நடக்க வேண்டும். “படுத்தால் மூட்டு பூட்டிக்கொள்ளும். நடந்தால் நோகும், ஆனால் பூட்டிக்கொள்ளாது. இரண்டில் எது வேண்டும் என்று நீங்களே பாருங்கள்” என்றார்.

அவளுக்குப் பார்க்க வேண்டியதே இல்லை.

முதலில் கிணறு வரைக்கும் பத்து அடி. பிறகு பிலாமரம் வரைக்கும். சுவரைப் பிடித்தாள், வேலியைப் பிடித்தாள், பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்த செல்லையனைப் பிடித்துத் தள்ளினாள். கடைக்கு எதிரே ஒரு மைல் கல் உண்டு. பாறசாலைப் பக்கம் ஒரு மைல் தள்ளி அடுத்த மைல் கல். அதைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது அவளுடைய கணக்கு. எட்டு மாதம் ஆனது. தொட்ட அன்றைக்கு ஊரில் ஒரு கலாட்டா.

அந்த ஊரில் பெண்கள் நடக்காமல் இல்லை. தலையில் மீனோடு நடப்பார்கள், ஓலையோடு நடப்பார்கள், இடுப்பில் பிள்ளையோடு நடப்பார்கள். வெறுங்கையை வீசிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை காலை நேரத்தில் ரோட்டில் விறுவிறு என்று போனால் இரண்டே அர்த்தம்தான். புருஷன் அடித்திருக்கிறான், இல்லாவிட்டால் யாரோ செத்துப்போனார்கள். செல்லையன் அடிக்கிற ஜாதி இல்லை என்பது ஊருக்குத் தெரியும். ஆகவே சாவுதான். சுகிர்தபாய் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு போனாளா, கேட்கவே வேண்டாம். மூன்று வீட்டுப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு, தலையை அள்ளி முடிந்துகொண்டு பின்னாலேயே புறப்பட்டுவிட்டார்கள். முன்னால் வந்தவள் பக்கத்து வீட்டு விலாசினி. மூக்கைச் சிந்தி, பாதி அழுகையைத் தயாராக வைத்திருந்தாள்.

மைல் கல்லைத் தொட்டுவிட்டுச் சுகிர்தபாய் திரும்பினாள். எதிரே மூன்று பேர்.

“ஆருக்காக்கும் சேச்சி?” என்றாள் விலாசினி தழுதழுத்து.

“ஆருக்கு என்னது?”

“செத்தது ஆராக்கும்?”

“ஆரும் சாவலை. நான் சும்மா நடக்கியேன்.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

விலாசினிக்குக் கோபம் வந்துவிட்டது. அடுப்பில் பாதி வெந்த புட்டை விட்டுவிட்டு வந்தவள் அல்லவா? சாவு இல்லை என்று கேட்டு இவ்வளவு வருத்தப்பட்ட ஒரு கூட்டத்தை அந்த ரோடு அதுவரை பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு சுகிர்தபாய் தலையில் ஒரு கடவத்தை வைத்துக்கொண்டாள். பனையோலைக் கூடை, கனமில்லை. உள்ளே ஒன்றும் கிடையாது. வெறும் கடவத்தைக் கண்டால் அதற்கும் கேள்வி வரும் என்று மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள். “எங்க போறிய?” என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லுவாள். ஒருத்தியிடம், பாஸ்டர் வீட்டுக்கு முட்டை. இன்னொருத்தியிடம், தங்கச்சி வீட்டுக்கு மரச்சீனிக் கிழங்கு. விலாசினியிடம், கோட்டுகாலிலிருந்து வருகிற ஒரு ஆளுக்கு மருந்து. உண்மையைச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. பொய்யைச் சொன்னதும் எல்லாருக்கும் திருப்தி. காலும் தேறியது. செல்லையனின் விரலும் நிஜமாகவே நோக ஆரம்பித்தது.

ஆனால் அது ஐம்பத்து நாலாம் வருஷம். ஊர் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கட்சி, திருவிதாங்கூரோடேயே இருக்கட்டும் என்று ஒரு கட்சி. ஒரே சாயாக்கடையில் ஒரே பெஞ்சில் இரண்டு கட்சியும் உட்கார்ந்து, ஒரே புட்டைத் தின்றுகொண்டு சண்டை போடும். தெற்கே தமிழ்க் கட்சி ஊர்வலத்தின் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதற்குப் பிறகு அந்தச் சண்டைக்கும் சத்தம் குறைந்துவிட்டது. ரோட்டில் போலீஸ் நடமாட்டம் கூடியது. சுகிர்தபாயின் மைல் கல்லுக்குப் பக்கத்திலேயே ஓலைக் கொட்டகை கட்டி, ஏட்டு தங்கப்பன் என்று ஒருவனை இருத்தினார்கள். கள்ளிக்காட்டுக்காரன், மலையாளம் கலந்த பேச்சு. மீசை பெரிது, குறிப்பு நோட்டு அதைவிடப் பெரிது.

தினமும் காலையில் மூடின கடவத்தோடு ஒரு பெண்பிள்ளை வருகிறாள். எல்லை பற்றி ஊரே அடித்துக்கொள்கிற நேரத்தில் மைல் கல்லைத் தொடுகிறாள். திரும்பிப் போகிறாள். தமிழ்க் கட்சி ராஜையா அவள் புருஷனுடைய கடையில்தான் காலையும் மாலையும் கிடக்கிறான். ஏட்டு யோசிக்க மாட்டானா?

ராஜையாவும் யோசித்தான் என்பதுதான் வேடிக்கை. தன் கட்சிக்காரர்கள் யாரோ தனக்குச் சொல்லாமல் அவளிடம் நோட்டீஸ் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவளைக் கண்டால் மரியாதையாக எழுந்து நிற்பான், கண்ணைச் சிமிட்டுவான். சுகிர்தபாய் அவன் கண்ணில் ஏதோ நோவு என்று நினைத்து, தாய்ப்பால் விடச் சொன்னாள்.

அப்படி இருக்கையில் மூன்று நாள் கடையடைப்பு வந்தது. யாரும் ரோட்டில் இறங்கவில்லை. மழை வேறு. சுகிர்தபாய் மூன்று நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். நாலாம் நாள் காலையில் செல்லையன் விரலை நீட்டினான். அவள் பிடித்தாள். பால்குடிப் பிள்ளை பிடிப்பது போல இருந்தது.

“நோவுதா?”

“நோவுது” என்றான் செல்லையன். கண் கலங்கிவிட்டது. அவள் அந்தக் கண்ணைப் பார்த்தாள்.

அவன் உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிலாப்பலகையில் அவளுக்கென்றே ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. கை வைக்க இரண்டு பக்கமும் சட்டம், கால் நீட்ட ஒரு பலகை, தலை சாய்க்கத் தனியாக ஒரு மேடு. மகாராஜாவுக்குக்கூட அவ்வளவு வசதி இருந்திருக்காது.

“நீ இதில இரி பிள்ளே. இனி நடக்கண்டாம். ஒனக்கு வேண்டியதெல்லாம் நான் செய்யியேன்.”

“வீக்கம் இல்ல, சூடும் இல்ல. மூணு நாளு நடக்காத்ததுக்க கோளாறாக்கும் இது. நல்ல கசேரி. ஒங்கள இதில ஒம்பது மாசம் இருத்திட்டு, வெளிக்குப் போக நானும் லீலாபாய் மைனியும் தூக்கட்டா?”

செல்லையன் நாற்காலியைச் சுவரோரம் தள்ளினான். அவள் கடவத்தை எடுத்துத் தலையில் வைக்க மூன்று தடவை முயன்றாள். மூன்றாம் தடவை அவனே எடுத்து வைத்துவிட்டான்.

அன்றைக்கு அந்த மைல் மூன்று மைலாக நீண்டது. ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் கதவுக் கீல் கிறீச்சிட்டது. பாதி வழிக்கு மேல் கொஞ்சம் இளகியது. கல்லைத் தொட்டாள். திரும்பினாள். ஏட்டு தங்கப்பன் குறுக்கே நின்றான்.

“எந்தா இதில்?”

“ஒண்ணும் இல்ல ஏட்டே.”

அவன் துண்டை விலக்கினான். நிஜமாகவே ஒன்றும் இல்லை. அதைக் கண்டதும் அவன் முகம் இன்னும் கடுத்துவிட்டது. வெறும் கடவத்தை மூடிக்கொண்டு யாராவது வருவார்களா? உள்ளே இருந்ததை எங்கேயோ கொடுத்துவிட்டாள்! ஊர்ப் பெண்களிடம் விசாரித்து எழுதி வைத்திருந்த நோட்டைப் பிரித்தான்.

“போன வாரம் திங்களாழ்ச்ச பாஸ்டருக்கு முட்டை. செவ்வாழ்ச்ச தங்கச்சிக்கு மரச்சீனி. புதனாழ்ச்ச கோட்டுகால்காரனுக்கு மருந்து. பாஸ்டரட்ட கேட்டேன். அவரு முட்டையே தின்ன மாட்டாராம். ஒள்ளத சொல்லணும். என்னத்துக்கு வாற?”

“நடக்கியதுக்கு.”

“நடந்திட்டு?”

“திரும்பிப் போறதுக்கு.”

“பரிகாசமா? இன்ஸ்பெக்டர் வரட்டும். அங்ங இரி.”

கொட்டகைக்குள் ஒரு குட்டை பெஞ்சு இருந்தது. சுகிர்தபாய் அதைப் பார்த்தாள். ஏட்டைப் பார்த்து வராத பயம் பெஞ்சைப் பார்த்ததும் வந்தது.

“நான் நிக்கியேன் ஏட்டே. நடந்த சூட்டோட இருந்தா எனக்கு எழும்பப் பற்றாது.”

“இரிக்கான் பறஞ்ஞால் இரிக்கணும்!”

இருந்தாள். இன்ஸ்பெக்டர் வருவார் வருவார் என்று இரண்டு மணி நேரம் ஆனது. பெஞ்சு ஈரம். நடந்து இளகின மூட்டெல்லாம் ஒவ்வொன்றாக இறுகுவது அவளுக்கே தெரிந்தது. விரலை மடக்கி நீட்டினாள். ஏட்டு, “எந்தா கை காணிக்குன்னு? ஆருக்கு அடையாளம்?” என்று அதட்டினான். அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் ஒரு போலீஸ்காரன் சைக்கிளில் வந்து, இன்ஸ்பெக்டர் இன்றைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

“சரி, போ” என்றான் ஏட்டு.

சுகிர்தபாய் எழப் பார்த்தாள். முடியவில்லை.

“போவான் பறஞ்ஞது கேட்டில்லே?”

“கேட்டேன். காலுக்குக் கேக்கல.”

இதற்குள் வெளியே ஆள் கூடிவிட்டது. விலாசினி முன் வரிசையில். இந்தத் தடவை அவள் அழுகையைத் தயார் செய்யாமலே அழுதுகொண்டிருந்தாள். ஏட்டுக்கு வேர்த்தது. விசாரணைக்கு இருத்தின பெண்பிள்ளை எழாமல் கிடந்தால் நாளைக்கு ஊர் என்ன பேசும்? தெற்கே நடந்தது போதாதா? வெளியே நின்ற இன்னொரு போலீஸ்காரனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் அவள் கைக்கு அடியில் கை கொடுத்துத் தூக்க வந்தார்கள்.

“தொடாதே!”

கொட்டகை ஓலை அதிர்ந்தது. இரண்டு போலீஸும் பின்னால் நகர்ந்தார்கள்.

“என்ன ஒருத்தனும் தூக்கப்பிடாது. செத்தா தூக்கு. நான் இன்னும் சாவலை.”

பிறகு அவள் தன் வேலையைத் தொடங்கினாள். முதலில் கால் விரல்கள். பிறகு கணுக்கால், இந்தப் பக்கம் பத்துச் சுற்று, அந்தப் பக்கம் பத்து. முழங்காலை ஒரு விரற்கடை நீட்டுவாள், மடக்குவாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். நடுநடுவே டாக்டரம்மாவையும் திட்டினாள், பெஞ்சு செய்தவனையும் திட்டினாள். கூடி நின்றவர்கள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். “ஏழு... எட்டு...” இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து எண்ணினார்கள். அந்த வருஷத்தில் அவர்கள் ஒரே சுரத்தில் பேசியது அது ஒன்றுதான். அரை மணி நேரம் கழித்து, பெஞ்சின் ஓரத்தைப் பிடித்து, கொட்டகைத் தூணைப் பிடித்து, சுகிர்தபாய் எழுந்து நின்றாள். வேர்வை வடிந்தது.

ஏட்டு நோட்டை மூடி வைத்திருந்தான்.

“நீ பறஞ்ஞது ஒள்ளதாக்கும் அல்லே?” என்றான் தாழ்ந்த குரலில். “எனக்க அக்கச்சிக்கும் இதாக்கும் தீனம். கள்ளிக்காட்டுல. நாலு வருஷமாட்டு கட்டில்ல. நாங்க அனங்க விடியதில்ல.”

“ஏன் விடியதில்ல?”

“நோவும் இல்லியா?”

“கிடந்தா நோவாதா? ஒனக்க அக்கச்சியட்ட கேட்டியா?” அவள் முந்தியால் முகத்தைத் துடைத்தாள். “மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. அப்புறம் கட்டில்ல இருந்து எறக்கி விடு. இப்பம் அந்தக் கடவத்தை எடு. எனக்குத் தலையில தூக்கி வைக்கப் பற்றாது.”

ஏட்டு கடவத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். அவள் முன்னால், அவன் ஆறு அடி பின்னால். ஒரு மைல். அவனுக்கு வேகமாக நடந்து பழக்கம். அவளுக்குப் பின்னால் ஆமை நடை நடந்து தொப்பி முழுக்க நனைந்துவிட்டது.

போலீஸ் பின்னாலேயே நடந்து வந்தால் ஊர் என்ன நினைக்கும்? அவர்கள் வருவதற்கு முன்பே செய்தி கடைக்கு வந்துவிட்டது. சுகிர்தபாய் அரெஸ்டு! செல்லையன் சாயா ஆற்றுகிற குவளையோடு ரோட்டில் ஓடினான். ராஜையா செவ்வரளி மாலை கட்டுவித்து, பிலா நாற்காலியை ரோட்டோரத்தில் கொண்டு போட்டு, பத்துப் பேரோடு நின்றான்.

“வீரத் தமிழ்ப் பெண்மணி சுகிர்தபாய் அம்மாளுக்கு...”

“எலே ராஜையா, வழிய விடு.”

“அம்மா, இந்தக் கசேரியில கொஞ்ச நேரம் இருங்க. ரெண்டு வார்த்த பேசுங்க. மாலை போடட்டு.”

“இருக்க மாட்டேன். ஒரு தடவ இருந்து பட்ட பாடு போரும். மாலை போடணும்னா கூட நடந்து போடு.”

அவள் கடை வாசலுக்கும் பிலாமரத்துக்கும் நடுவில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தாள், உடம்பு ஆறிவிடக் கூடாது என்று. ராஜையா மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான். நாலாம் சுற்றில் ஒருவாறு கழுத்தில் விழுந்தது. நோட்டீஸ் எங்கே கொடுத்தீர்கள் என்று காதோடு கேட்டான். நோட்டீஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, மூட்டு பூட்டாமல் இருக்கத்தான் நடக்கிறேன் என்று அவள் ஊர் கேட்கச் சொன்னாள். ராஜையாவின் முகத்தில் விலாசினியின் பழைய ஏமாற்றம் அப்படியே இருந்தது.

மகாராஜா நாற்காலியில் ஏட்டு தங்கப்பன் உட்கார்ந்து, கால் பலகையில் காலை நீட்டி, கடவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சாயா குடித்தான். நல்ல நாற்காலி என்று சொன்னான். செல்லையனுக்கு அந்த ஒரு ஆறுதல்.

மறுநாள் காலை. செல்லையன் விரலை நீட்டத் தயங்கினான். நேற்று இவ்வளவு அலைந்தவளுக்கு இன்றைக்குக் கை எப்படி இருக்குமோ? அவள் அவனுடைய கையை இழுத்து விரலைப் பிடித்தாள். நேற்றை விடப் பரவாயில்லை. நோகிற அளவுக்கு இல்லை.

“நோவுதா?”

செல்லையன் அவளைப் பார்த்தான்.

“இல்ல பிள்ளே” என்றான். “இன்னும் நோவலை.”

சுகிர்தபாய் கொஞ்ச நேரம் அவன் விரலை விடவில்லை. கல்யாணமான இருபது வருஷத்தில் அவன் சொன்ன முதல் உருப்படியான பேச்சு அதுதான் என்று பிற்பாடு விலாசினியிடம் சொன்னாள்.

“போயிட்டு வாறேன்” என்று எழுந்தாள். கடவத்தை எடுக்கவில்லை. வெறுங்கையை வீசிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். வேலிக்கு மேலே விலாசினியின் தலை எட்டிப் பார்த்தது.

“சேச்சி, எங்க போறிய?”

“நடக்கியதுக்கு.”

“செத்த நில்லுங்க. புட்ட எறக்கி வச்சிட்டு நானும் வாறேன். எனக்க முட்டுக்கும் ஒரு பிடித்தம் உண்டு.”

“நிக்கப் பற்றாது. ஓடி வந்து பிடி” என்று சொல்லிவிட்டு, சுகிர்தபாய் மைல் கல்லைப் பார்த்து நடந்தாள்.